இருட்டுவதற்கு முன் அரை மணி நேரம்: முகாமுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

முதன்முதலாக டென்ட் போட்டுத் தங்கிய இரவில் எனக்கு அடிபட்டது பாம்பாலும் அல்ல, புயலாலும் அல்ல. டென்ட்டை இழுத்துக் கட்டியிருந்த கயிறு காலைத் தடுக்கி விழுந்தேன். முளைக்குச்சியின் தலை முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. முதலுதவிப் பெட்டி இல்லாமல் இல்லை, காரில் இருந்தது. கார் சாவி நண்பரின் பேன்ட் பாக்கெட்டில். அந்தப் பேன்ட் மாலையில் நனைந்துபோனதால் கழற்றி ஏதோ ஒரு பைக்குள் திணித்துவிட்டார். எந்தப் பை என்று அவருக்கே தெரியவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான்கு பேர் பைகளைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். சாவி கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. மேலோட்டமான கிழிசல் என்பதால் பிழைத்தேன்.

அன்றைக்குப் புரிந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆபத்து வந்த பிறகு இருட்டில், பதற்றத்தில், யாருக்கும் புதிதாக எதுவும் தோன்றாது. வெளிச்சம் இருக்கும்போது எதை எங்கே வைத்தீர்களோ, எந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தீர்களோ, அதுதான் அப்போது கைகொடுக்கும். போய்ச் சேர்ந்த முதல் அரை மணி நேரத்தை அடுப்புப் பற்றவைப்பதில் செலவழிக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

வீட்டிலோ நண்பரிடமோ ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். எந்த முகாம், எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை பேர், வண்டி எண், என்றைக்குத் திரும்புவீர்கள். இதுவரை எல்லாரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது கடைசி வரிதான்: “ஞாயிறு மாலை 6 மணிக்கு வந்துவிடுவோம். இரவு 9 மணிவரை தகவல் இல்லையென்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்.” அந்த வரி இல்லாவிட்டால் சீட்டு வைத்திருப்பவர், ‘சிக்னல் இருக்காது, காலையில் பார்ப்போம்’ என்று படுத்துவிடுவார். ஒரு முழு இரவு வீணாகிவிடும்.

அடுத்து, போகிற இடத்தின் அவசர எண். பல நாடுகளில் 112 வேலை செய்யும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் கிடைத்தால் அவசர அழைப்பைப் போன் அதன் வழியாக அனுப்பப் பார்க்கும். ஆகவே ‘நோ சர்வீஸ்’ என்று காட்டினாலும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் இறக்கிவையுங்கள். இரவிலும் அவசரப் பிரிவு இயங்கும் மருத்துவமனை எது, அங்கே பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் முதலில் தென்படும் மருத்துவமனையில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலுதவிப் பெட்டியைப் பற்றி ஒன்று மட்டும். கடையில் வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துப்போகாதீர்கள். வீட்டிலேயே ஒருமுறை திறந்து, எது எதற்கு என்று பாருங்கள். அவரவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும்: மேலே, கீழே, சுற்றிலும்

டென்ட்டைப் பிரிப்பதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை, முறிந்து வேறொரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் கொம்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரம் ஏதாவது இருந்தால் அடியில் படுக்க வேண்டாம். அடிமரத்தில் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்துப்போயிருக்கக்கூடும். கிளை முறிய பெருங்காற்றுதான் அடிக்க வேண்டும் என்பதில்லை, காற்றே இல்லாத இரவிலும் முறியும்.

அப்புறம் தரையைப் பாருங்கள். புதியவர்கள் ஆசைப்பட்டு ஏமாறுவது வறண்ட ஓடையின் மணலில்தான். சமமாக, மெத்தென்று, கல் முள் இல்லாமல் இருக்கும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து போட்டதே தண்ணீர்தான். கரையோரப் புதர்களை உற்றுப் பாருங்கள். காய்ந்த சருகும் குச்சியும் புல்லும் கொத்துக் கொத்தாக, எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்டதுபோல் இடுப்பளவு உயரத்தில் சிக்கியிருந்தால், போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல், மேலே எங்கோ பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். மேலே அணை இருந்தால் மழையே வேண்டாம், மதகைத் திறந்தால் போதும்.

தெளிவாக ஓடிய நீர் கலங்கினாலோ, குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையோரமாகவே ஓடாதீர்கள், குறுக்கே மேலே ஏறுங்கள். டென்ட் போனால் போகட்டும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளைத் தள்ளிவிடும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போய்விடும். “வண்டி தாண்டிவிடும்” என்று சொல்கிற நண்பர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சுற்றிலும் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் தடம், புதிய சாணம், கால் தடம் இருந்தால் அங்கே வேண்டாம். மலை முகட்டின் உச்சி வேண்டாம். வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கும் மரத்தடியும் வேண்டாம்.

இடம் முடிவாயிற்று. இனி இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. வண்டியின் முகம் வெளியே போகும் வழியைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். அதற்கு முன்னால் வேறு வண்டி மறிக்கக் கூடாது.

2. சாவிக்கு ஓர் இடம், எல்லாருக்கும் தெரிந்த இடம். நாங்கள் இப்போது பெரிய டென்ட்டின் கதவுக்கு உள்பக்கம் ஒரு சிவப்புக் கயிற்றில் மாட்டிவைக்கிறோம். யாருடைய பாக்கெட்டுக்கும் அது போகாது.

3. “ஏதாவது ஆனால் இங்கே வந்து நிற்க வேண்டும்” என்று ஓரிடத்தை எல்லாரும் சேர்ந்து போய்த் தொட்டுவிட்டு வாருங்கள். முகாம் வாசல், பெரிய பாறை, தண்ணீர்க் குழாய் எதுவாகவும் இருக்கலாம். அங்கே தலையை எண்ணுகிற பொறுப்பு ஒரே ஆளுக்கு.

4. வெளியேறும் வழியை ஒருமுறை காலால் நடந்து பாருங்கள். வண்டியில் வந்தபோது பார்த்த வழி இரவில் நடக்கும்போது நினைவுக்கு வராது.

5. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நடந்து, சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு மேட்டில் இரண்டு கோடு வரும், பத்தடி தள்ளினால் போய்விடும். அங்கே ஒரு கல்லை நட்டுவையுங்கள். அங்கேயே நின்று அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போன் வரைபடத்தில் பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முகாமுக்குப் பெயரோ மனை எண்ணோ இருந்தால் அதையும் எழுதுங்கள்.

6. டென்ட் கயிறுகளில் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டுங்கள். என் காலில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது.

குழந்தைகள் இருந்தால் ஆளுக்கொரு விசில், கழுத்தில். வழி தெரியவில்லை என்றால் நடக்கக் கூடாது, பக்கத்தில் இருக்கும் மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும், மூன்று முறை ஊத வேண்டும், கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. மூன்று முறை ஊதுவது பல இடங்களில் உதவிக் குறியாகப் புரிந்துகொள்ளப்படும். மலைப் பகுதிகளில் சர்வதேச முறை வேறு: நிமிடத்துக்கு 6 முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி 6. கேட்டவர்கள் நிமிடத்துக்கு 3 முறை பதில் கொடுப்பார்கள். குழந்தைக்கு இந்த மலை முறையை விளக்க வேண்டாம், மூன்று முறை ஊதினால் போதும். “தொலைந்தால் திட்ட மாட்டோம், யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடு” என்றும் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து, தேடி வருகிறவர்களுக்கே குரல் கொடுக்காமல் ஒளிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு.

நெருப்பு

முகாமில் நெருப்புக்கென்று குழி இருந்தால் அதில் மட்டும்தான். டென்ட்டிலிருந்தும் புதரிலிருந்தும் நாலரை மீட்டராவது தள்ளி. தீக்குச்சியை உரசுவதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கிற வேலை கூடாது. காற்று எழுந்தால் அன்றைக்கு நெருப்பே வேண்டாம்.

அணைப்பதில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டால் அணைந்துவிட்டது என்று நினைப்பு. உண்மையில் கங்கு மண்ணுக்கடியில் மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் சாதாரண மண். மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். உஸ்ஸென்ற சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோங்கள். வெப்பம் தெரிந்தால் இன்னொரு வாளி.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. அப்படியே கீழே படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், அது நினைப்பதைவிட நீண்ட நேரம். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். காயம் அடிபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ இருந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

டென்ட்டுக்குள் அடுப்பு

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். ஏனென்றால் இதில் சத்தமோ வாசனையோ கிடையாது. குளிர் தாங்காமல் கரி அடுப்பை டென்ட்டுக்குள் எடுத்துவந்து, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. எரிகிற எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருப்பதே இல்லை. “கரி அணைந்துவிட்டது, சூடு மட்டும்தான் இருக்கிறது” என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். சாம்பல் பூத்துக் கிடக்கும் கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி. காய்ச்சல் இருக்காது. ஒருவருக்கு மட்டும் வந்தால் வேறு எதுவாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாரையும் வெளியே இழுங்கள், அவசர எண்ணை அழையுங்கள். “கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும்” என்று உள்ளே திரும்பிப் போக விடாதீர்கள்.

குளிருக்கு இன்னொரு போர்வை, காய்ந்த சாக்ஸ், உடம்புக்குக் கீழே தடித்த பாய். தரைதான் சூட்டை உறிஞ்சுகிறது, மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே பாய் இல்லாவிட்டால் நடுக்கம் நிற்காது.

கேஸ் சிலிண்டரை வெளியில்தான் மாற்ற வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும், வேனின் தரையிலும் அப்படித்தான். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது.

படுக்கப் போகும்முன்

தலைமாட்டில் ஐந்து பொருள் இருக்க வேண்டும்: டார்ச், ஷூ, விசில், போன், சின்னக் கத்தி. கத்தி எதற்கு என்று கேட்பார்கள். டென்ட்டின் மேல் தீயோ மரக்கிளையோ விழுந்து வாசல் அடைபட்டால், பின்பக்கத் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வர. நைலான் துணி உருகிச் சொட்டும், ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஷூவை ஒரு பைக்குள் வைத்துக் கட்டுங்கள். காலையில் போடும்போது கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கு ஷூவைவிட வசதியான வீடு கிடையாது.

சாப்பாடு, குப்பை, பற்பசை, சோப்பு எல்லாம் வண்டிக்குள் பூட்டி வையுங்கள். விலங்குக்குப் பற்பசையும் சாப்பாட்டு வாசனைதான். கரடி உலவும் பகுதியில் முகாம்காரர்கள் தனிப் பெட்டி வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரவில் வெளியே ஏதோ நடமாடும் சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கத் தோன்றும். போகாதீர்கள். டென்ட்டின் ஜிப்பை எப்போதும் முழுக்க மூடியே வையுங்கள், ‘இப்போதே வந்துவிடுவேன்’ என்று போகும்போதும்கூட.

ஆபத்து வந்துவிட்டால்

இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர். 30 விநாடி வரை எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் ஏற்கெனவே தாமதம்தான். டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. கட்டடம், அல்லது தகரக் கூரை உள்ள கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்காருங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து இறங்குங்கள். எதுவுமே இல்லாவிட்டால் முகட்டிலிருந்து இறங்குங்கள், தண்ணீரையும் ஒற்றை மரத்தையும் விட்டு விலகுங்கள், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நிற்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒரே அடியில் எல்லாரும் விழுந்துவிட்டால் உதவ ஆள் இருக்காது. தரையில் படுக்கவும் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சு இல்லையென்றால் உடனே மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள்.

பாம்பு கடித்தால் செய்யக் கூடாதவைதான் அதிகம். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது, பாம்பைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. கடிபட்டவரை உட்காரவையுங்கள், மோதிரம் கொலுசு கழற்றுங்கள், கடித்த கை காலை எலும்பு முறிந்ததற்குச் செய்வதுபோல் அசையாமல் தாங்கலாக வையுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைதான் மருத்துவம். கட்டுவிரியன் உள்ள நாடுகளில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலி தெரியாது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் “தூக்கக் கலக்கம்” என்று விட்டுவிடாதீர்கள்.

குளிரில் விறைத்தவரும் இப்படித்தான் குழறுவார், தடுமாறுவார், எரிந்து விழுவார். பனி பெய்ய வேண்டும் என்றில்லை, நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் 10 டிகிரி செல்சியஸிலும் நடக்கும். ஈரத்தைக் கழற்றுங்கள், உடலின் நடுப்பகுதியைச் சூடாக்குங்கள், நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கொடுக்கவே கூடாது. வெயிலில் ஒருவர் உளறினால் நேர்மாறு: நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், விசிறி. முதலில் குளிரவையுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்.

காட்டுத்தீயின் புகை தெரிந்தால் சாமான்களை மூட்டை கட்டாதீர்கள். கிளம்புங்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஆகவே மலை மேல் ஓடித் தப்பிக்க முடியாது.

அவசர எண்ணில் பேசும்போது முதல் வார்த்தை இடமாக இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் அழைப்பு துண்டிக்கப்படலாம், இடம் தெரிந்துவிட்டால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். எழுதிவைத்த எண்களைப் படியுங்கள். பிறகு என்ன ஆயிற்று, எத்தனை பேர், திரும்ப அழைக்க எந்த எண். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். குரல் போகாத இடத்திலும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும், அதனால் வெளியில் இருப்பவருக்கு அதே விவரங்களை அனுப்பிவிடுங்கள். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் சில போன்களில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறது. எல்லா நாட்டிலும் இல்லை, போகும் இடத்தில் உண்டா என்று வீட்டிலேயே பாருங்கள்.

கடைசிப் படி ஒன்று பாக்கி. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், சீட்டு வைத்திருப்பவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள். நான் ஒருமுறை அலுப்பில் மறந்து தூங்கிவிட்டேன். இரவு 9 மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் அவர் முகாம் அலுவலகத்தை அழைத்துவிட்டார், அங்கிருந்து இரண்டு பேர் டார்ச்சோடு நாங்கள் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் எங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் கோபப்படவில்லை. அடுத்த முறைக்கும் சீட்டைத் தன்னிடமே கொடுக்கச் சொன்னார்.